அமில-காரத் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கினால் வேதியியல் ஆய்வகத்தில் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பி.எஸ்சி. முதலாமாண்டு பிள்ளைகளும் அவற்றையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. ஃபார்முலாக்களில் 'வி' என்றால் மி.லி. கணக்கில் பருமன், 'என்' என்றால் நார்மாலிட்டி, 'எம்' என்றால் மோலாரிட்டி.

டைட்ரேஷன்ல நாம உண்மையில என்னதான் அளக்கிறோம் சார்?

பருமனை மட்டும்தான். ஒரு கரைசலின் திறன் (எவ்வளவு செறிவானது என்பது) தெரியும், இன்னொன்றின் திறன் தெரியாது. ஒன்றில் 20 மி.லி. பிப்பெட்டால் (குறித்த ஒரே அளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுகிறோம். மற்றதை பியூரெட்டில் (அளவுக் கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீளக் கண்ணாடிக் குழாய்) நிரப்பி, குடுவையில் இருப்பது முழுக்கத் தீரும்வரை இறக்குகிறோம். எவ்வளவு இறங்கியது என்ற அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாக் கணக்கும்.

தீர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியாது. அதை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கத்தான் நிறங்காட்டி (இண்டிகேட்டர்). இரண்டு சொட்டுப் போதும். அதுவும் ஒரு வீரியம் குறைந்த அமிலமோ காரமோதான். தாராளமாக ஊற்றினால் அதுவே கொஞ்சம் கரைசலைத் தின்றுவிடும்.

வி1 என்1 = வி2 என்2 எங்கேருந்து வருது? மனப்பாடம் பண்ணா போதாதா?

மனப்பாடம் பண்ணினால் முதல் கணக்கு வரும், மூன்றாவது கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு கரைசல் 0.1 நார்மல் என்றால், அதன் ஒவ்வொரு மி.லி.யிலும் 0.1 மில்லி சமானம் இருக்கிறது என்று பொருள். 20 மி.லி. எடுத்தால் 20 × 0.1 = 2 மில்லி சமானம். அதாவது வி × என் என்பது 'பாத்திரத்துக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது' என்ற கேள்விக்கான விடை.

எந்த அமிலமாக இருந்தாலும் அதன் ஒரு மில்லி சமானம், எந்தக் காரமாக இருந்தாலும் அதன் ஒரு மில்லி சமானத்தைத் தீர்க்கும். சமானம் என்ற அளவையே அப்படி வரும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஆகவே சமக்குறிக்கு இடப்பக்கம் குடுவையில் இருந்த சரக்கு, வலப்பக்கம் பியூரெட்டிலிருந்து இறங்கிய சரக்கு. இந்தப் பக்கத்தில் உள்ள எந்தக் கணக்கையும் 'எங்கே எத்தனை மில்லி சமானம்' என்று கேட்டே முடித்துவிடலாம்.

நார்மாலிட்டி, மோலாரிட்டி ரெண்டும் எதுக்கு? எதை எப்ப போடறது?

மோலாரிட்டி மூலக்கூறுகளை எண்ணுகிறது. நார்மாலிட்டி அந்த மூலக்கூறுகளால் எத்தனை ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கவோ வாங்கவோ முடியும் என்று எண்ணுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்றைத்தான் கொடுக்கும், அதனால் 0.1 மோலாரும் 0.1 நார்மலும் ஒன்று. சல்ஃப்யூரிக் அமிலம் இரண்டைக் கொடுக்கும், அதனால் 0.1 மோலார் என்பது 0.2 நார்மல்.

பள்ளி ஆய்வகத்தில் நார்மாலிட்டிதான் புழக்கத்தில் இருக்கிறது. நுழைவுத் தேர்வுக் கணக்குகளிலும் மேல்படிப்பிலும் மோலாரிட்டியே அதிகம் வரும். கணக்கில் 'எம்' என்று கொடுத்திருந்தால், ஒரு மூலக்கூறு எத்தனை ஹைட்ரஜனைக் கொடுக்கும் அல்லது வாங்கும் என்று பார்த்து அந்த எண்ணால் பெருக்குங்கள், 'என்' கிடைத்துவிடும்.

20 மி.லி. 0.1 எம் சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு 0.1 எம் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. தானே வேணும்? விடையில 40னு போட்டிருக்காங்க.

விடை சரி. இரண்டும் 0.1 என்று பார்த்ததும் வி1 எம்1 = வி2 எம்2 போட்டிருப்பீர்கள். அது ஒன்றுக்கு ஒன்று வினைபுரியும் ஜோடிக்கு மட்டுமே செல்லும். இங்கே அமிலம் 0.2 நார்மல், அதனால் குடுவையில் 20 × 0.2 = 4 மில்லி சமானம். காரத்தின் ஒரு மி.லி.யில் 0.1 தான் இருக்கிறது. 4 ÷ 0.1 = 40 மி.லி.

சமான எடை எல்லாத்தையும் நெட்டுரு போடணுமா?

வேண்டாம், சமான எடை என்பது ஒரு சமானத்தின் கிராம் எடை; மூலக்கூறு எடையை, அந்த மூலக்கூறு கொடுக்கும் அல்லது வாங்கும் ஹைட்ரஜன் எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும். ஆனாலும் அடிக்கடி வரும் சிலவற்றை நினைவில் வைத்தால் தேர்வில் நேரம் மிச்சம்: சோடியம் ஹைட்ராக்சைடு 40, ஹைட்ரோகுளோரிக் அமிலம் 36.5, சல்ஃப்யூரிக் அமிலம் 49, சோடியம் கார்பனேட் 53, அசெட்டிக் அமிலம் 60. ஆக்சாலிக் அமிலப் படிகத்துக்கு 63. அந்தப் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன, அதையும் சேர்த்து 126, அதில் பாதி. நீரை விட்டுவிட்டு 45 என்று போடுபவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

கார்பனேட், ஆசிட், ஹைட்ராக்சைடுனு மூணு வருதே, அந்தக் கணக்கை ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க சார்.

கேள்வி வழக்கமாக இப்படி இருக்கும்: 0.1024 நார்மல் சோடியம் கார்பனேட் திட்டக் கரைசல் (திறன் சரியாகத் தெரிந்த கரைசல்) தரப்பட்டிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இணைப்புக் கரைசலாக (இரண்டுக்கும் நடுவே பாலமாக) கொண்டு, 250 மி.லி.யில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடின் எடையைக் காண்க. முதலில் 20 மி.லி. கார்பனேட்டை, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி போட்டு, அமிலத்தால் தரம் பார்க்கிறோம். 20.4 மி.லி. அமிலம் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடுவையில் இருந்தது 20 × 0.1024 = 2.048 மில்லி சமானம். அது 20.4 மி.லி. அமிலத்தில் அடங்கியிருக்கிறது. ஆகவே அமிலத்தின் திறன் 2.048 ÷ 20.4 = 0.1004 நார்மல்.

அடுத்து 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி, அதே அமிலம். 19.6 மி.லி. இறங்கியது. இறங்கிய சரக்கு 19.6 × 0.1004 = 1.968 மில்லி சமானம். இது 20 மி.லி. காரத்தில் இருந்தது. காரத்தின் திறன் 1.968 ÷ 20 = 0.0984 நார்மல். ஒரு லிட்டருக்கு 0.0984 × 40 = 3.936 கிராம். 250 மி.லி.யில் 0.984 கிராம். கணக்கு முடிந்தது.

கடைசில ஏன் நாலால வகுக்கிறோம்? எல்லா கணக்குலயும் நாலுதானா?

250 மி.லி. என்பது லிட்டரில் கால் பங்கு, அதனால் நாலு. கேள்வியில் 500 மி.லி. என்றால் இரண்டால் வகுங்கள், 100 மி.லி. என்றால் பத்தால், 750 என்றால் முக்கால் பங்கு எடுங்கள். 'கொடுக்கப்பட்ட மொத்தக் கரைசல்' என்று மட்டும் இருந்தால் அது எத்தனை மி.லி. என்று கேள்வித்தாளின் முதல் வரியில் தேடுங்கள். பழக்க தோஷத்தில் நாலால் வகுத்துவிட்டு வருகிறவர்களுக்கு மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாகிப் போகிறது.

நடுவுல ஆசிட் எதுக்கு? சோடியம் ஹைட்ராக்சைடை நேரா எடைபோட்டுக் கரைச்சா திறன் தெரிஞ்சிடுமே?

வில்லையைத் தராசில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எடையைக் குறித்து முடிப்பதற்குள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து நசநசவென்று ஆகிவிடும். கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து மேற்பரப்பில் கார்பனேட்டாக மாறும். 4 கிராம் என்று தராசு சொன்னாலும் உள்ளே 4 கிராம் ஹைட்ராக்சைடு இருக்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலமோ நீரில் கரைந்த வாயு, புட்டியைத் திறந்தாலே புகையும். இரண்டையும் எடைபோட்டு நம்ப முடியாது. உலர்ந்த சோடியம் கார்பனேட்டையும் ஆக்சாலிக் அமிலப் படிகத்தையும் நம்பலாம். அதனால் நம்பிக்கை அங்கே தொடங்கி, அமிலம் வழியாக ஹைட்ராக்சைடுக்கு வந்து சேர்கிறது.

இதில் ஒரு அழகு இருக்கிறது. மேலே போட்ட கணக்கின் இரண்டு படிகளையும் ஒன்றாக்கினால், காரத்தின் திறன் = 0.1024 × 19.6 ÷ 20.4. அமிலத்தின் திறன் எங்கேயும் இல்லை! அது 0.1 ஆக இருந்தாலும் 0.11 ஆக இருந்தாலும் விடை மாறாது. இரண்டு தடவையும் அதே அமிலமாக இருந்தால் சரி. பிப்பெட்டின் 20-ம் அடிபட்டுப் போய்விட்டது, கவனித்தீர்களா? உங்கள் பிப்பெட் உண்மையில் 19.9 மி.லி. தான் ஊற்றுகிறது என்றாலும் கவலையில்லை, இரண்டு தரம் பார்த்தலுக்கும் அதையே பயன்படுத்தும்வரை. பாதியில் பக்கத்து மேஜையில் பிப்பெட் கடன் வாங்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

1.325 கிராம் கார்பனேட் எடைபோடச் சொன்னாங்க. எனக்கு 1.342 வந்துடுச்சு. கிள்ளிக் கிள்ளி எடுக்கணுமா?

வேண்டாம். 250 மி.லி. 0.1 நார்மல் கரைசலுக்கு 53 × 0.1 ÷ 4 = 1.325 கிராம், சரிதான். ஆனால் திட்டக் கரைசல் சரியாக 0.1 ஆக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதன் திறன் சரியாகத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் தேவை. 1.342 × 4 ÷ 53 = 0.1013 நார்மல். சீட்டில் அதை எழுதி ஒட்டுங்கள்.

கூம்புக் குடுவையில ஓரத்துல ஒட்டினதை வாஷ் பண்ண தண்ணி ஊத்தினேன். ரீடிங் மாறிடுமா?

மாறாது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டம்ளரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சர்க்கரை இரண்டு ஸ்பூன்தான். குடுவையின் திறன் குறையும், சரக்கு குறையாது. பியூரெட் கேட்பது சரக்கை மட்டும். தண்ணீர் ஊற்றியதும் வி1 கூடிவிட்டதே என்று 20-க்குப் பதில் 30 போடுபவர்கள் உண்டு. போடக்கூடாது. பிப்பெட் ஊற்றியது 20, அது 20 தான்.

அப்படின்னா பியூரெட்டையும் பிப்பெட்டையும் தண்ணியில கழுவிட்டு அப்படியே யூஸ் பண்ணலாமா?

கூடாது, ஏனென்றால் அங்கே அளக்கப்படுவது கரைசல். பிப்பெட்டின் உட்சுவரில் தண்ணீர் இருந்தால், 20 மி.லி. கோடுவரை நீங்கள் இழுத்ததில் கொஞ்சம் வெறும் தண்ணீர். சரக்கு குறையும், ரீடிங் குறையும். பியூரெட்டில் தண்ணீர் இருந்தால் அமிலம் நீர்த்துப்போய் ரீடிங் கூடும். அதுவும் முதல் நிரப்பலில் அதிகமாகவும் அடுத்ததில் குறைவாகவும் நீர்க்கும் என்பதால், முன்பு சொன்ன 'அமிலத்தின் திறன் அடிபட்டுப் போகும்' சலுகையும் போய்விடும். அதனால் பியூரெட், பிப்பெட் இரண்டையும் கடைசியாக அந்தந்தக் கரைசலாலேயே அலசவேண்டும். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும் அலசவேண்டும். அதைக் கரைசலால் அலசினால் கணக்கில் வராத சரக்கு உள்ளே தங்கிவிடும்.

பிப்பெட் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளவும் வேண்டாம். நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும். தங்கும் சொட்டைக் கழித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

20.6, 20.4, 20.4னு வந்துச்சு. சராசரி எடுக்கட்டுமா?

எடுக்காதீர்கள். முதல் ரீடிங் பெரும்பாலும் முடிவுநிலை (நிறம் மாறும் இடம்) எங்கே என்று தேடுகிற ரீடிங், அதில் கொஞ்சம் தாண்டிப் போயிருப்பீர்கள். அடுத்தடுத்து இரண்டு ஒத்துப்போனால் அதுதான் எண்: 20.4. ஒத்துப்போகாமல் 20.6, 20.4, 20.5 என்று அலைந்தால் இன்னும் ஒரு தடவை செய்யுங்கள். அட்டவணையில் மூன்றாவதை வேலை செய்யாமலே 20.4 என்று நிரப்பும் வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை; மேற்பார்வையாளர்களுக்கும் அது தெரியும்.

பியூரெட்டை ஒவ்வொரு தடவையும் ஜீரோவுக்கு நிரப்பியே ஆகணுமா?

அவசியமில்லை. கடைசி ரீடிங்கிலிருந்து முதல் ரீடிங்கைக் கழிப்பதுதான் பருமன். 3.2-ல் தொடங்கி 23.6-ல் முடிந்தாலும் 20.4 தான். பூஜ்யத்தில் தொடங்கினால் கழித்தல் பிழை வராது, அவ்வளவுதான். ஆனால் 30-ல் தொடங்காதீர்கள். 50 மி.லி. பியூரெட்டில் மீதி 20 தான் இருக்கும். முடிவுநிலைக்கு அரை மி.லி. முன்னால் தீர்ந்துபோய், நடுவில் நிரப்பி இரண்டு கூடுதல் ரீடிங்குகளின் பிழையைச் சம்பாதிப்பீர்கள்.

எல்லாம் சரியா செஞ்சேன், ஆனா எல்லார்க்கும் 19.6, எனக்கு மட்டும் 20.4. எப்படி?

உங்கள் பியூரெட்டைக் கீழிருந்து மேலாகப் படித்திருக்கிறீர்கள். பியூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழே ஏறுகின்றன. கரைசல் 19-க்கும் 20-க்கும் நடுவில், 19-லிருந்து ஆறு கோடு கீழே நிற்கிறது. அளவு ஜாடி பழக்கத்தில் 20-லிருந்து மேல்நோக்கி நாலு கோடு எண்ணி 20.4 என்று எழுதிவிட்டீர்கள். மற்றபடி குழிந்த பரப்பின் அடிப்பகுதி கண்ணுக்கு நேராக இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ரீடிங் விலகுவதற்கு இன்னும் இரண்டு பழைய குற்றவாளிகள். பியூரெட் நுனியில் காற்றுக் குமிழி இருந்து நடுவில் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பப் போன கரைசலும் ரீடிங்கில் சேரும், எண் கூடும். மேலே புனலை எடுக்காமல் விட்டால் அதிலிருந்து சொட்டு விழுந்து எண் குறையும்.

ஒரு சொட்டு கூடிப்போச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேருந்தா?

ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. 20 மி.லி.யில் அது 0.25 சதவீதம். நம் கணக்கில் 19.6-க்குப் பதில் 19.65 என்றால் விடை 0.984-லிருந்து 0.986 கிராமாக மாறும். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை.

நாலைந்து சொட்டுத் தாண்டிவிட்டது, கரைசலும் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் ஒரு வழி இருக்கிறது. அதே குடுவையில் இன்னொரு 20 மி.லி. பிப்பெட்டால் ஊற்றித் தொடருங்கள். முடிவில் வரும் பருமன் 40 மி.லி.க்கு உரியது, பாதியாக்கினால் உங்கள் ரீடிங். தாண்டிய அமிலம் புதிய காரத்தில் தீர்ந்துவிடும், எதுவும் வீணில்லை.

விடையை 0.98384 கிராம்னு அஞ்சு இலக்கம் எழுதினா அதிக மார்க்கா?

இல்லை. பியூரெட்டில் 0.05-க்கு மேல் நுணுக்கமாகப் படிக்க முடியாதபோது ஐந்தாவது இலக்கம் வெறும் அலங்காரம். மடக்கை அட்டவணையும் நாலு இலக்க அட்டவணைதான். நார்மாலிட்டியை நாலு தசம இடம்வரை, எடையை மூன்று அல்லது நாலு இடம்வரை எழுதுங்கள். ஆனால் நடுப்படியில் 0.1004-ஐ 0.10 என்று வெட்டிவிடாதீர்கள். அங்கே வெட்டினால் விடையில் அரை சதவீதம் போய்விடும்.

பினாப்தலீன்ல பிங்க் வந்து ஒரு நிமிஷத்துல மறைஞ்சிடுது. இன்னும் ஊத்தணுமா?

காரத்தை பியூரெட்டில் வைத்துச் செய்யும்போது இது வரும். அரை நிமிடம் நின்றால் போதும், அதுதான் முடிவுநிலை. அப்புறம் மறைவது காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நூலிழைக் காரத்தைத் தீர்ப்பதால். அதைத் துரத்திக்கொண்டு ஊற்றினால் முடிவே இருக்காது.

ஒரே எக்ஸ்பெரிமெண்ட்ல ஏன் ரெண்டு இண்டிகேட்டர்? ரெண்டுக்கும் பினாப்தலீன் போட்டா என்ன?

சோடியம் கார்பனேட்டுக்குப் போட்டால் ரீடிங் பாதியாகிவிடும். கார்பனேட் அமிலத்தோடு இரண்டு கட்டமாக வினைபுரிகிறது: முதலில் பைகார்பனேட், பிறகுதான் கார்பன் டை ஆக்சைடும் நீரும். பினாப்தலீன் நிறம் மாறும் எல்லை பிஎச் 8.3 முதல் 10 வரை, அதனால் பைகார்பனேட் கட்டத்திலேயே நிறம் போய்விடும். 20.4 வரவேண்டிய இடத்தில் 10.2 வரும். மெத்தில் ஆரஞ்சின் எல்லை 3.1 முதல் 4.4 வரை. அது கடைசிவரை காத்திருக்கும்.

ஹைட்ராக்சைடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் எதைப் போட்டாலும் சரி. 20 மி.லி. 0.1 நார்மல் அமிலத்தில் அதே திறன் காரம் 19.95 மி.லி. விழுந்தபோது பிஎச் 3.9, 20.05 விழுந்தபோது 10.1. இரண்டே சொட்டில் ஆறு அலகு தாவல். அந்தத் தாவலுக்குள் இரண்டு நிறங்காட்டிகளும் அடங்கிவிடுகின்றன. இளஞ்சிவப்பு மறைவது கண்ணுக்குத் தெளிவு என்பதால் பினாப்தலீன், அவ்வளவே.

வினிகர்ல எவ்வளவு ஆசிட் இருக்குனு வீட்டுப் பாட்டிலை வச்சே கண்டுபிடிக்கலாமா?

தாராளமாக. ஆனால் அப்படியே செய்தால் 0.1 நார்மல் காரம் பியூரெட் கணக்கில் தீரும், அதனால் நீர்க்க வேண்டும். 10 மி.லி. வினிகரை 100 மி.லி. குடுவையில் கோடுவரை நிரப்புங்கள். அதில் 20 மி.லி. எடுத்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கிறீர்கள், 15.0 மி.லி. ஆனது என்போம். நீர்த்ததின் திறன் 15 × 0.1 ÷ 20 = 0.075. பத்து மடங்கு நீர்த்தோம், ஆகவே பாட்டிலில் 0.75 நார்மல். 0.75 × 60 = லிட்டருக்கு 45 கிராம், அதாவது 100 மி.லி.க்கு 4.5 கிராம். பத்தால் பெருக்க மறந்து, வினிகரில் கலப்படம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இங்கே பினாப்தலீன்தான் போடவேண்டும். அசெட்டிக் அமிலம் வீரியம் குறைந்தது. சரியாகத் தீர்ந்த இடத்தில் பிஎச் 7 அல்ல, 8.7 வாக்கில் இருக்கும். மெத்தில் ஆரஞ்சு அதற்கு வெகு முன்பே மஞ்சளாகிவிடும்.

அடர் ஆசிட் பாட்டில்லேருந்து ஒரு லிட்டர் 0.1 நார்மல் எப்படிப் பண்றது?

கடையில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 12 நார்மல். தேவையான சரக்கு 1000 × 0.1 = 100 மில்லி சமானம். 100 ÷ 12 = 8.3 மி.லி. எட்டரை மி.லி. எடுத்து, தண்ணீரில் விட்டு (தண்ணீரை அமிலத்தில் அல்ல), லிட்டர் ஆக்குங்கள். 12 என்பதே தோராயம், புகைந்து புகைந்து குறையும். அதனால் எட்டு தசமம் மூன்றா எட்டரையா என்று அளவு ஜாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். உண்மைத் திறனைக் கார்பனேட் சொல்லும்.

முட்டை ஓடு தண்ணியில கரையவே கரையாது. அதுல கால்சியம் கார்பனேட்டை எப்படி டைட்ரேட் பண்றது?

நேராக முடியாது, சுற்றிப் போகவேண்டும். அரை கிராம் ஓட்டுத்தூளை 25 மி.லி. 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். நுரைத்து முடிந்தபின் கொஞ்சம் சூடாக்கி ஆறவிட்டு, மிச்சமிருக்கும் அமிலத்தை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பாருங்கள். 30.0 மி.லி. ஆனது என்றால், மிச்சம் 3.0 மில்லி சமானம். போட்டது 25 × 0.5 = 12.5. ஓடு தின்றது 9.5. கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50, ஆகவே 9.5 × 50 = 475 மி.கி. 500 மி.கி. தூளில் 95 சதவீதம்.

இங்கே வி1 என்1 = வி2 என்2 என்று எதை எதோடு சமப்படுத்துவது என்று பலர் திணறுகிறார்கள். ஃபார்முலாவை மறந்துவிட்டு இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி சரக்கை எண்ணினால் வெறும் கழித்தல்தான். அமில எதிர்ப்பு மாத்திரைக் கணக்கும் இதே வழிதான்.

எங்க வீட்டு போர்வெல் தண்ணி ரிப்போர்ட்ல மொத்தக் காரத்தன்மை 340னு போட்டிருக்கு. அதுவும் டைட்ரேஷன்தானா?

அதுவும்தான். 100 மி.லி. தண்ணீரை 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலத்தால், மெத்தில் ஆரஞ்சு வைத்துத் தரம் பார்ப்பார்கள். அமிலத்தின் ஒரு மி.லி.யில் 0.02 மில்லி சமானம், அதைக் கால்சியம் கார்பனேட்டாகச் சொன்னால் 0.02 × 50 = 1 மி.கி. 100 மி.லி.க்கு 1 என்றால் லிட்டருக்கு 10. ஆகவே ரீடிங்கைப் பத்தால் பெருக்கினால் விடை. உங்கள் தண்ணீருக்கு 34 மி.லி. இறங்கியிருக்கும். திறனை 0.02 என்று வைத்திருப்பதே இப்படிக் கணக்கு சுலபமாக வரத்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மி.கி., வேறு நீர் இல்லாதபோது 600 வரை. தண்ணீரில் உண்மையில் இருப்பது பெரும்பாலும் பைகார்பனேட். கால்சியம் கார்பனேட் என்பது ஒப்பிடுவதற்கான அளவுகோல் மட்டும்.

பழைய சோடியம் ஹைட்ராக்சைடுக்கு பினாப்தலீன்ல ஒரு ரீடிங், மெத்தில் ஆரஞ்சுல வேற ரீடிங். எது சரி?

இரண்டும் சரி. பழைய கரைசல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து, ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் கலந்த கரைசலாகிவிட்டது. இரண்டு நிறங்காட்டிகள் பற்றிச் சொன்னதை இங்கே பயன்படுத்தலாம். 20 மி.லி. எடுத்து, பினாப்தலீன் போட்டு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுங்கள், 14.0-ல் நிறம் போகிறது. அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு போட்டுத் தொடருங்கள், 18.0-ல் நிறம் மாறுகிறது. அதாவது கூடுதலாக 4.0.

அந்த 4.0 கார்பனேட்டின் இரண்டாவது பாதி. முதல் பாதிக்கும் அதே 4.0 போயிருக்கும், அது 14.0-க்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஹைட்ராக்சைடுக்கு 14 − 4 = 10 மி.லி., கார்பனேட்டுக்கு 8 மி.லி. திறன்கள் 10 × 0.1 ÷ 20 = 0.05, 8 × 0.1 ÷ 20 = 0.04 நார்மல். லிட்டருக்கு 2 கிராம் ஹைட்ராக்சைடு, 2.12 கிராம் கார்பனேட். 18-ஐயே இரண்டாவது ரீடிங்காகப் போடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. கழித்தால் எதிர்மறை எண் வரும், அப்போதாவது நின்று பாருங்கள். இரண்டு பருமன்களும் சமமாக வந்தால் கரைசலில் கார்பனேட் மட்டும்தான். இரண்டாவது பெரிதாக வந்தால் கார்பனேட்டோடு பைகார்பனேட் இருக்கிறது.

பாஸ்பாரிக் அமிலத்துல மூணு ஹைட்ரஜன் இருக்கே. 20 மி.லி. 0.1 எம்முக்கு 0.1 எம் காரம் 60 மி.லி. ஆகணும், எனக்கு 40 தான் வந்துச்சு.

பினாப்தலீன் போட்டிருப்பீர்கள். மெத்தில் ஆரஞ்சு போட்டிருந்தால் 20-ஐ ஒட்டி வந்திருக்கும். முதல் ஹைட்ரஜன் சுலபமாகப் போய்விடும், இரண்டாவதும் பினாப்தலீன் எல்லைக்குள் போய்விடும். மூன்றாவது அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் நீர்க் கரைசலில் அதற்குத் தெளிவான தாவலே கிடையாது, எந்த நிறங்காட்டியாலும் காட்ட முடியாது. எனவே இந்த அமிலத்துக்கு நார்மாலிட்டி என்பது நீங்கள் எந்த நிறங்காட்டியில் நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது: அதே 0.1 மோலார் கரைசல் ஒன்றில் 0.1 நார்மல், இன்னொன்றில் 0.2 நார்மல். மேல்படிப்பில் மோலாரிட்டிக்கு மாறச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கில் பாஸ்பாரிக் அமிலம் வந்தால், மூன்றால் பெருக்கும் முன் நிறங்காட்டியின் பெயரைத் தேடுங்கள்.